டெர்வூரன் ஆப்பிரிக்கா அருங்காட்சியகம்: நாகரிகத்தின் பேரால் ஆண்டவர்களின் கட்டடம்

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸுக்குக் கிழக்கே, டெர்வூரன் என்னும் ஊரில் குளமும் புல்வெளியுமாக விரிந்த பூங்காவின் நடுவே இருக்கிறது ஆப்பிரிக்கா அருங்காட்சியகம். முகமூடிகள், மரச்சிற்பங்கள், பாடம் செய்து நிறுத்திய யானை என்று பார்த்துவிட்டு வருவதற்கும் அது நல்ல இடம்தான். ஆனால் ஒரு நாட்டையே கைப்பற்றியவர்கள் ‘இவர்களுக்கு நாகரிகம் கொடுக்கிறோம்’ என்று சொல்லி அதை எப்படி நியாயமாக்கினார்கள் என்பதை, அவர்களே வெண்கலத்தில் வார்த்துச் சுவரில் ஏற்றிவைத்த வடிவத்தில் பார்க்க வேண்டுமானால் ஐரோப்பாவில் இதைவிடத் தோதான இடம் மிகக் குறைவு. அந்த நோக்கத்தோடு போகிறவர்களுக்கானது இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டாயம் போக வேண்டிய இடம். அரை நாள் ஒதுக்குங்கள். ஆனால் கால் போன போக்கில் நடந்தால் முக்கியமானவை தப்பிவிடும். இங்கே உள்ள காட்சிப்பொருட்களிலேயே பெரியது அந்தக் கட்டடம்தான். 2018-ல் புதுப்பித்துத் திறந்தபோது உள்ளே வைத்த புதிய விளக்கங்கள் நேர்மையானவை, சில இடங்களில் துணிச்சலானவையும்கூட. என்றாலும் பளிங்கும் பொன்முலாமும் பேசும் பேச்சின் உரத்துக்கு அவை பல இடங்களில் ஈடு கொடுக்கவில்லை.

கட்டடத்தின் பின்னணி தெரியாமல் உள்ளே போகக் கூடாது. 1876 செப்டம்பரில், மன்னர் இரண்டாம் லியோபோல்ட் தன் அரண்மனையில் புவியியலாளர்களையும் ஆய்வுப் பயணிகளையும் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார். உலகில் நாகரிகம் இன்னும் நுழையாத ஒரே பகுதியை அதற்குத் திறந்துவிடுவதும், முழு மக்கள் கூட்டங்களின்மேல் கவிந்திருக்கும் இருளைத் துளைப்பதும் இந்த முன்னேற்ற நூற்றாண்டுக்குத் தகுந்த சிலுவைப் போர் என்று அங்கே பேசினார். சர்வதேச ஆப்பிரிக்கச் சங்கம் அதில்தான் பிறந்தது. அறிவியலும் அறச்செயலுமே நோக்கம் என்று அறிவித்த அமைப்பு அது. (அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. மக்களின் ‘ஒழுக்க, பொருள் முன்னேற்றம்’ பற்றி ஆண்டுதோறும் லண்டன் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்துக்கொண்டிருந்த அரசின் கீழ் வந்த பஞ்சம். பிரஸ்ஸல்ஸில் ஒலித்த சொற்கள் நமக்கும் புதியவை அல்ல.)

ஆப்பிரிக்காவில் யாருக்கு என்ன உரிமை என்று ஐரோப்பிய நாடுகள் பேசிய 1884–85 பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. அந்த மாநாட்டு உடன்படிக்கையின் 6-வது பிரிவு, பூர்வகுடிகளைக் காப்பதும், அவர்களது ஒழுக்க, பொருள் நலனை உயர்த்துவதும், அடிமை முறையை ஒழிக்க உதவுவதும், நாகரிகத்தின் பயன்களை அவர்களுக்கு உணர்த்துவதும் ஆளும் நாடுகளின் கடமை என்றது. அதை ஒட்டிக் காங்கோ சுதந்திர நாடு 1885-ல் உருவானது. பெல்ஜியத்தைப்போல் எழுபது மடங்குக்கு மேல் பரப்புள்ள அந்த நாடு பெல்ஜிய அரசின் காலனிகூட அல்ல, லியோபோல்ட் என்ற தனி மனிதரின் ஆட்சிப்பகுதி. அவர் ஒருமுறைகூட அங்கே கால் வைத்ததில்லை.

1897-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் காலனிப் பிரிவை லியோபோல்ட் டெர்வூரனில் அமைத்தார். காங்கோவிலிருந்து 267 பேரை அழைத்து வந்து பூங்காவில் கட்டிய ‘கிராமங்களில்’ பார்வைக்கு வைத்தார்கள். கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டியது. இந்த இடத்தின் தர்க்கம் முழுவதும் அந்தக் கிராமங்களின் அமைப்பிலேயே இருந்தது. சில கிராமங்களில் காங்கோ மக்கள் தம் ஊரில் வாழ்வதாகச் சொல்லப்பட்ட கோலத்தில் இருந்தார்கள். தனியாக இன்னொன்றில், பெல்ஜியத்தின் ஹைசெகெம் ஊரில் ஒரு பாதிரியாரிடம் படித்த காங்கோச் சிறுவர் சிறுமியர் ஐரோப்பிய உடையில் இருந்தார்கள். முன்பு எப்படி இருந்தார்கள், எங்கள் கை பட்டபின் எப்படி ஆனார்கள் என்பதைப் பார்வையாளர்கள் சில நிமிட நடையில் கண்டுகொள்ளும்படியான ஏற்பாடு. அரங்குகளில் காங்கோத் தந்தத்தில் பெல்ஜியச் சிற்பிகள் செதுக்கிய சிலைகளும் இருந்தன. எந்தச் சரக்குக்காக இத்தனை பேச்சு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

அந்தக் கண்காட்சியின் வெற்றியில்தான் நிரந்தர அருங்காட்சியகம் எழுந்தது. பாரிஸின் பெட்டி பாலே மாளிகையைக் கட்டிய சார்ல் ஜிரோ இதையும் வரைந்தார். காங்கோ லாபத்தில் எழுந்த கட்டடம். 1909 டிசம்பரில் லியோபோல்ட் இறந்துபோக, 1910 ஏப்ரல் 30 அன்று அடுத்த மன்னர் முதலாம் ஆல்பர்ட் திறந்துவைத்தார். சுவர்களில் இரண்டு ‘எல்’ எழுத்துகள் முதுகோடு முதுகு ஒட்டிய முத்திரை 45 இடங்களில் இருக்கிறது. கண்ணை மேலே ஓட்டிக்கொண்டே நடங்கள்.

போகும் வழி

பிரஸ்ஸல்ஸ் மெட்ரோவில் மோன்ட்கோமெரி நிலையம்வரை போய், அங்கிருந்து 44-ம் எண் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தமான டெர்வூரனில் இறங்க வேண்டும். அரை மணிக்குள் போய்விடலாம், வழியெல்லாம் காடு. டிராம் ஓடும் அந்த அகலமான நெடுஞ்சாலையே 1897 கண்காட்சிக்காகப் போட்டதுதான். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பூங்கா. திங்கட்கிழமை விடுமுறை. 2018-ல் திறந்தபோது பெரியவர்களுக்கு 12 யூரோ கட்டணம். இப்போதைய விலையையும் திறக்கும் நேரத்தையும் அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். விளக்கப் பலகைகள் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் இருப்பதால் ஆங்கிலம் படிப்பவர்களுக்குச் சிரமம் இல்லை.

நேரம் இருந்தால் மோன்ட்கோமெரிக்கு ஒரு நிலையம் முன்னால், மெரோடில் இறங்கிச் சேங்கான்தனேர் பூங்காவை முதலில் பாருங்கள். அங்குள்ள பெரிய வளைவும் ஜிரோ கட்டியதுதான். பூங்காவின் வடக்கு ஓரத்தில் காங்கோவுக்குப் போன பெல்ஜிய ‘முன்னோடிகளுக்கு’ தோமா வான்சொட் 1921-ல் செய்த நினைவுச்சின்னம் இருக்கிறது. லியோபோல்ட் 1906-ல் எழுதிய வரி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது: நாகரிகத்தின் நலனுக்காகவும் பெல்ஜியத்தின் நன்மைக்காகவும் காங்கோப் பணியை மேற்கொண்டேன். இரண்டு நோக்கங்களையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு டெர்வூரன் போனால், உள்ளே பார்ப்பதெல்லாம் அதன் விரிவுரையாகத் தெரியும்.

எந்த வரிசையில் பார்ப்பது

முன்பெல்லாம் வந்தவர்கள் நேராக வட்ட மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். குவிமாடத்தின் கீழ் பொன்னிறச் சிலைகள்தான் அவர்களை வரவேற்றன. இப்போது நுழைவு வேறு. பக்கத்தில் புதிதாகக் கட்டிய கண்ணாடிக் கூடத்தில் சீட்டு வாங்கி, படி இறங்கி, நீளமான நிலத்தடி வழியாகப் பழைய கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போகிறோம். அந்த வழியில் 22.5 மீட்டர் நீளமுள்ள, ஒரே மரத்தில் குடைந்த படகு கிடத்தப்பட்டிருக்கிறது. அரண்மனை வாசலைத் தவிர்த்துக் கீழிருந்து உள்ளே கொண்டுவரும் இந்த ஏற்பாடு நல்ல முடிவு. பழைய வரவேற்பின் கம்பீரம் கொஞ்சம் உடைகிறது.

அடித்தளத்தில் அருங்காட்சியகத்தின் சொந்த வரலாற்றைச் சொல்லும் பகுதியில் நிதானமாக நில்லுங்கள். அதை ஒட்டி, இனிமேல் மற்ற கூடங்களில் காட்ட முடியாது என்று ஒதுக்கிய பழைய சிலைகளை ஓர் அறையில் நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பவுல் விசார்ட் 1913-ல் செய்த ‘சிறுத்தை மனிதன்’ அங்கேதான். முகத்தை மூடி, விரல்களில் உலோக நகம் மாட்டி, தூங்குபவன் மேல் பாயத் தயாராக நிற்கும் உருவம். பல தலைமுறை பெல்ஜியக் குழந்தைகளுக்கு ஆப்பிரிக்கா என்றால் நினைவில் வந்தது இந்த உருவம்தான். ஒரு மக்கள் கூட்டத்தை இப்படிக் காட்டிவிட்டால் அடுத்த அடி தானாக வரும்: இவர்களை இவர்களிடமிருந்தே காப்பாற்ற ஒருவர் வேண்டாமா? ஆட்சிக்கு நியாயம் தேடுகிறவர்களுக்குச் சட்டப் புத்தகத்தைவிடப் பயன்பட்டவை இத்தகைய சிலைகள். ஆனால் இந்த அறையில் விளக்கம் போதாது. முன்னறிவு இல்லாமல் வருபவர் பயந்துவிட்டோ ரசித்துவிட்டோ நகர்ந்துவிடக்கூடும்.

அங்கிருந்து மேலே ஏறியதும் மற்ற கூடங்களை விட்டுவிட்டு வட்ட மண்டபத்துக்குப் போங்கள். அர்சேன் மாட்டோன் செய்த நான்கு பொன்முலாம் சிலைகளைச் சுவர் மாடங்களில் தேடுங்கள். ஒன்றில் ஒரு பாதிரியாரின் அங்கியைப் பற்றியபடி ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன். கீழே, ‘காங்கோவுக்கு நாகரிகத்தைக் கொண்டுவரும் பெல்ஜியம்’ என்ற வாசகம். இன்னொன்று காங்கோவுக்குப் பாதுகாப்பைக் கொண்டுவருகிறது. வேறொன்று நல்வாழ்வைக் கொண்டுவருகிறது. நான்காவது ‘அடிமைத்தனம்’. அதில் கொடியவனாக நிற்பவன் அரபு வணிகன். நான்கையும் சேர்த்துப் படித்தால் முழு வாதமும் கிடைக்கும். முன்னே ஒரு கொடுமை இருந்தது, அதைச் செய்தவன் வேறு யாரோ, நாங்கள் வந்து நிறுத்தினோம், இப்போது அமைதியும் வளமும் கல்வியும். பொன் பூசியவை மேலே இருக்க, ஹெர்பர்ட் வார்ட் செய்த ஆப்பிரிக்க உருவங்கள் கறுத்த வெண்கலத்தில் இருப்பதையும் கவனியுங்கள். பொருளும் உயரமும் நிறமும்கூட அந்த வாதத்தின் பகுதியே.

கட்டடம் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னம் என்பதால் மாடத்துச் சிலைகளை எடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. மாற்று வழி தேடியிருக்கிறார்கள். காங்கோவில் பிறந்த கலைஞர் எமே ம்பானே மரத்தில் செய்த பெரிய மனிதத் தலை மண்டபத்தின் நடுவே நிற்கிறது. அதற்கு எதிரே, 1884-ல் கொல்லப்பட்ட ஆப்பிரிக்கத் தலைவர் லுசிங்காவின் (அவர் கதை பின்னால் வருகிறது) மண்டையோட்டை நினைவூட்டும் ம்பானேயின் இன்னொரு படைப்பு. 2020-ல் ம்பானேயும் பெல்ஜியக் கலைஞர் ஜான் பியேர் முல்லரும் சேர்ந்து 16 சிலைகளின் முன் பாதி ஊடுருவித் தெரியும் திரைகளைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு திரையிலும் ஒரு புதிய படம், பின்னால் பழைய சிலை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிய, நேர் எதிரே நின்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்றால் பொன்சிலைதான் வெல்கிறது. இந்தத் திரைகள்தான் இந்த இடத்தின் மிகச் சிறந்த சேர்க்கை. சிலையை மறைக்காமலே அதன் பேச்சை இடைமறிக்கின்றன.

சிலைகள் சொல்லாதது

நான்காவது சிலையின் முன் நிற்கும்போது சில ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்சிலையில் வில்லனாக நிற்கும் அதே வகை வணிகர்களில் மிகப் பெரியவர் சான்சிபாரைச் சேர்ந்த திப்பு திப். தந்தமும் அடிமைகளும் அவர் வணிகம். 1887-ல் அவரைக் காங்கோவின் ஸ்டான்லி அருவிப் பகுதிக்கு ஆளுநராக நியமித்தது லியோபோல்டின் அரசு. வலுவான படை வசம் இல்லாதபோது கூட்டு, படை சேர்ந்தபின் 1892 முதல் போர். அடிமை ஒழிப்பு என்ற பெயர் அந்தப் போருக்குக் கிடைத்தது.

பெயரால் பணமும் வந்தது. பெர்லின் உடன்படிக்கைப்படி காங்கோவில் இறக்குமதி வரி விதிக்கக் கூடாது. 1889–90-ல் பிரஸ்ஸல்ஸில் அடிமை ஒழிப்பு மாநாடு நடந்தது. அடிமை வணிகத்தை எதிர்க்கச் செலவாகிறது என்று காட்டி 10 சதவீதம்வரை இறக்குமதி வரி போட லியோபோல்ட் அனுமதி வாங்கினார். அறம் சுங்கவரியாக மாறிய இந்த இடம், எந்தக் கொடூரப் படத்தையும்விட அதிகம் விளக்கும். கூடங்களில் இதற்கு ஒரு பெரிய பலகை வைத்திருக்க வேண்டும்.

நிலம் எப்படிக் கைமாறியது என்பதும் அப்படித்தான். 1885 ஜூலை 1 ஆணைப்படி ‘காலியான’ நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம். மக்கள் இடம் மாற்றி மாற்றிப் பயிரிட்டார்கள், தரிசாக விட்ட நிலத்துக்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பினார்கள், காட்டில் வேட்டையாடினார்கள், மீன் பிடித்தார்கள். வேலியும் வரப்பும் இல்லாத இந்தப் பயன்பாடு எதுவும் உரிமையாகக் கணக்கில் வரவில்லை. வீடும் அன்றைய தோட்டமும் போக மீதி அனைத்தும் காலி. நிலத்தை முறைப்படி பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்ற மதிப்பீடு முதலில், அந்த மதிப்பீட்டின் மேல் சட்டம், சட்டத்தின் மேல் உடைமை. அதன் பிறகு காட்டுக் கொடியிலிருந்து ஒருவர் எடுக்கும் ரப்பர் அரசின் பொருள். தானே விற்றால் திருட்டு.

காற்றடைத்த டயர் 1888-ல் வந்தபின் ரப்பருக்கு விலை ஏறியது. உழைப்பு வரியாக வாங்கப்பட்டது. சோம்பலில் கிடப்பவர்களுக்கு வேலையின் அருமையைக் கற்றுத் தருகிறோம் என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். ரப்பர் எடுக்கும் உரிமை பெற்றிருந்த ஏபிர் நிறுவனத்தின் பகுதியில் ஓர் ஆணுக்கு இரண்டு வாரத்துக்கு மூன்று நான்கு கிலோ உலர்ந்த ரப்பர் அளவு. கொடியை வெட்டி, வடியும் பாலை உறையவைத்து, காயவைத்துக் கொண்டுவர வேண்டும். அருகிலுள்ள கொடிகள் தீர்ந்ததும் இன்னும் உள்ளே போக வேண்டும். நாள் கணக்கில் காட்டில் கிடப்பவனால் தோட்டம் போட முடியாது, வேட்டைக்கும் போக முடியாது. பசி வந்தது. அளவு குறைந்தால் நீர்யானைத் தோலில் செய்த ‘சிக்கோட்’ சாட்டை. ஆண்கள் திரும்பி வரும்வரை மனைவியரைப் பிணையாக அடைத்துவைத்தார்கள். தோட்டா வீணாகவில்லை என்று சிப்பாய்கள் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததால் வெட்டிய கைகள் ரசீதாயின. கை வெட்டுவது சில வக்கிரமான அதிகாரிகளின் வேலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கணக்கு முறையின் விளைவு. அளவு, வந்த ரப்பருக்கேற்ப அதிகாரிகளுக்குக் கிடைத்த கமிஷன், தோட்டா எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் இதுதான் கிடைக்கும்.

1903-ல் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் நேரில் பயணம் செய்து எழுதிய அறிக்கை 1904-ல் வெளிவந்தது. மிஷன் பணியில் இருந்த ஆலிஸ் சீலி ஹாரிஸ் எடுத்த படங்கள் ஐரோப்பிய, அமெரிக்க மேடைகளில் காட்டப்பட்டன. கப்பல்களில் ரப்பரும் தந்தமும் வர, திரும்பிப் போவது துப்பாக்கியும் தோட்டாவும் என்று துறைமுகக் கணக்கைப் பார்த்துக் கண்டுபிடித்த எட்மண்ட் மொரெல் ஓர் இயக்கமே நடத்தினார். லியோபோல்ட் அமைத்த விசாரணைக் குழுவே 1905-ல் குற்றச்சாட்டுகளை உறுதிசெய்தது. 1908-ல் காங்கோ பெல்ஜிய அரசிடம் போனது. இறந்தோர் எண்ணிக்கையை அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே இல்லை. ஒற்றை எண்ணைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

காலனிய வரலாற்றுக் கூடம்

இதையெல்லாம் விளக்க வேண்டிய பொறுப்பு ‘காலனிய வரலாறும் சுதந்திரமும்’ என்ற கூடத்தின் மேல் விழுகிறது. அருங்காட்சியகத்தின் பெரிய குறை இங்கேதான். இத்தனை பெரிய அரண்மனையில் இந்தப் பொருளுக்குக் கொடுத்த இடம் சிறியது. காலனி ஆட்சி தப்பு என்பதைத் தெளிவாகச் சொல்கிறார்கள், அதில் பூசி மெழுகல் இல்லை. ஆனால் கொடுமை ஒரு பக்கமாகவும் ‘நாகரிகப் பணி’ இன்னொரு பக்கமாகவும் நிற்கின்றன. இரண்டையும் இணைக்கும் ஆணைகள், வரிகள், ஒப்பந்தங்கள் போதிய வெளிச்சத்துக்கு வரவில்லை. 2019 பிப்ரவரியில் வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவும் சீரமைப்பு போதிய தூரம் போகவில்லை என்றே சொன்னது.

1908-க்குப் பிறகான காலத்தை இந்தக் கூடத்தில் பொறுமையாகப் பாருங்கள், ஏனென்றால் நாகரிகம் என்ற வாதம் அப்போதுதான் முழு இயந்திரமாக ஓடியது. அரசு, திருச்சபை, கம்பெனி என்று மூன்று கால். பள்ளிகளை மிஷன்கள் நடத்தின. தொடக்கக் கல்வி பரவலாகக் கிடைத்தது, அதற்கு மேலே கதவு சாத்தியிருந்தது. 1948-ல், ‘நாகரிகம் அடைந்தவர்’ என்று ஏற்கப்பட்ட காங்கோக்காரர்களுக்குக் ‘குடிமைத் தகுதி அட்டை’ வந்தது. 1952-ல் அதற்கும் மேலே ‘பதிவு’ என்றொரு நிலை. விண்ணப்பித்தவர் வீட்டுக்குக் குழு வந்தது. சாப்பாட்டு மேசை, கழிப்பறை, குழந்தைகளின் நடத்தை, மனைவியோடு பேசும் முறை எல்லாம் பார்த்தார்கள். அஞ்சலக ஊழியராக இருந்த, பின்னாளில் சுதந்திரக் காங்கோவின் முதல் பிரதமரான பத்ரிஸ் லுமும்பாவையே முதலில் மறுத்து, 1954-ல்தான் தேர்ச்சி கொடுத்தார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு 1881 ஆணை நினைவுக்கு வரும்: சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்தால் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது அது. அங்கே துறப்பு கேட்டார்கள், காங்கோவில் பரீட்சையே வைத்தார்கள். பரீட்சையை வைப்பவனே விடைத்தாளைத் திருத்துகிறான், பாடத்திட்டத்தை மாற்றும் உரிமையும் அவனிடமே. ‘இன்னும் தயாராகவில்லை’ என்ற தீர்ப்பு இத்தகைய ஏற்பாட்டில் முடிவே இல்லாமல் நீளலாம். 1960-ல் சுதந்திரம் வந்தபோது காங்கோவில் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். பிறகு அந்தக் குறைவையே காட்டி, ‘பாருங்கள், அவசரப்பட்டார்கள்’ என்று பேசினார்கள்.

காங்கோ சுதந்திரம் பெற்ற 1960 ஜூன் 30 அன்று நிகழ்ந்த உரைகளைக் கிளம்பும் முன் படித்துவிட்டு வாருங்கள். லியோபோல்ட் உங்களிடம் வெற்றிகொள்பவராக வரவில்லை, நாகரிகம் தருபவராக வந்தார் என்று பெல்ஜிய மன்னர் போதுவேன் பேசினார். பிரதமர் லுமும்பா எழுந்து, அடிகளையும் அவமானங்களையும் பறிபோன நிலங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். ஏழு மாதத்துக்குள் அவர் கொல்லப்பட்டார். அந்த இரண்டு உரைகளையும் மனதில் வைத்துக்கொண்டு வட்ட மண்டபத்துக்கு ஒருமுறை திரும்பிப் போனால், போதுவேனின் வாக்கியமும் மாட்டோனின் சிலையும் ஒரே அச்சில் வார்த்தவை என்று புரியும்.

நினைவு நடைக்கூடத்தை விட்டுவிடாதீர்கள். 1876 முதல் 1908 வரை காங்கோவில் இறந்த 1,508 பெல்ஜியர்களின் பெயர்கள் சுவரில் பொறித்திருக்கின்றன. காங்கோ மக்களில் ஒருவர் பெயரும் இல்லை. காங்கோத் தலைநகர் கின்ஷாசாவின் கலைஞர் ஃபிரெடி ட்சிம்பா எதிரே உள்ள சன்னல் கண்ணாடியில் ஏழு பெயர்களை எழுதினார்: எக்கியா, கெம்பா, கிட்டுக்வா, ம்பேயா, சாவோ, சம்பா, மிபாங்கே. 1897 கண்காட்சியில் குளிரிலும் நோயிலும் இறந்தவர்கள். வெயில் அடிக்கும்போது அந்தப் பெயர்களின் நிழல் எதிர்ச் சுவரில் பொறித்த பெயர்கள்மேல் விழும். மேகம் மூடிய நாளில் இது வேலை செய்யாது. ஆகவே வெயில் நாள் பார்த்துப் போவது நல்லது. ஏழு பேரின் கல்லறைகள் ஊரில் உள்ள புனித யோவான் தேவாலயத்தின் பக்கத்தில், நடந்து போகும் தூரத்திலேயே இருக்கின்றன.

பொருட்களை எப்படிப் படிப்பது

கலைக்கூடங்களில் அழகு மட்டும் பார்த்து மயங்காமல் இருக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பலகையிலும் மூன்று விஷயம் தேடுங்கள்: எந்த ஆண்டு கிடைத்தது, யார் கொண்டுவந்தார், அவர் அங்கே என்ன பதவியில் இருந்தார். ஆணிகள் அறைந்த ‘ங்கிசி’ (ஆற்றல் உறைவதாக நம்பப்பட்ட சடங்கு உருவம்) நல்ல எடுத்துக்காட்டு. வணிகர் அலெக்சாந்தர் டெல்கொமூன் 1878-ல் போமா பகுதியில் நடந்த தாக்குதலில் எடுத்துவந்தது. தலைவர் நே குக்கோ அதைத் திருப்பிக் கேட்டார், கொடுக்கவில்லை. இன்னொன்று லுசிங்கா தலைவரிடமிருந்து வந்த, தப்வா மக்களின் மூதாதை உருவம். தாங்கனிக்கா ஏரிக்கரையில் சர்வதேச ஆப்பிரிக்கச் சங்கத்தின் நிலையத்தை நடத்திய எமில் ஸ்டோர்ம்ஸ் 1884 டிசம்பரில் ஆள் அனுப்பி லுசிங்காவின் ஊரை எரித்து, அவர் தலையைக் கொண்டுவரச் செய்தார். லுசிங்கா அடிமை வணிகம் செய்தவர் என்பதே சொல்லப்பட்ட காரணம். மண்டையோடு பெல்ஜியத்துக்கு வந்தது, சிலையும் வந்தது. 1876-ல் அறிவியலுக்கும் அறத்துக்குமாகத் தொடங்கிய சங்கத்தின் கணக்கில் எட்டே ஆண்டில் சேர்ந்தவை இவை. வட்ட மண்டபத்தில் ம்பானே ஏன் அந்த மண்டையோட்டைத் தேர்ந்தார் என்பதும் இங்கே விளங்கும்.

மற்ற கூடங்களைச் சுருக்கமாகவே பார்க்கலாம். இசையும் மொழிகளும் பற்றிய கூடம் இனிமையானது, குழந்தைகளுக்குப் பிடிக்கும். முதலைக் கூடத்தைப் பழைய பாணியிலேயே விட்டிருக்கிறார்கள், அந்தக் காலத்து அருங்காட்சியகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். கனிமங்கள் பற்றிய கூடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்கள், ரப்பர் காலப் படங்களைக் காட்டும் முன் வீட்டிலேயே பேசிவிடுவது நல்லது. குழுவாகப் போனால் முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போங்கள். பலகைகளில் விடுபடும் இணைப்புகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அதுவே சிறந்த வழி.

வழிகாட்டியிடம் கட்டாயம் கேட்க வேண்டியது, பொருட்கள் திரும்பிப் போவது பற்றி. 2022 பிப்ரவரியில் பெல்ஜியப் பிரதமர் சுமார் 84,000 பொருட்களின் பட்டியலைக் காங்கோப் பிரதமரிடம் கொடுத்தார். அதே ஆண்டு ஜூனில் மன்னர் பிலிப், சுக்கு மக்களின் ‘காக்கூங்கு’ முகமூடியைக் கின்ஷாசா அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். உரிமை மாற்றாமல், காலவரையற்ற கடனாகத்தான் கொடுத்தார். அடுத்து வந்த சட்டம் அரசுச் சேகரிப்பில் உள்ள காலனியப் பொருட்களைத் திருப்பித் தர வழி திறந்தது. அதற்கு இரு நாடுகளிடையே ஒப்பந்தம் வேண்டும். ஆவணங்களும் மனித உடற்பகுதிகளும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ஒரு பொருளின் முன் நின்று, இது வாங்கியதா, பரிசா, பறித்ததா, திருப்பிக் கேட்டிருக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். பொருள் வந்த வழியை ஆராயத் தனி ஆய்வாளர்கள் இங்கே வேலை செய்கிறார்கள். அவர்கள் கண்டறிந்ததைச் சுருக்கமாகவாவது ஒவ்வொரு பலகையிலும் சேர்ப்பதுதான் இந்த அருங்காட்சியகம் அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.